இயந்திரத்துக்கு வந்த சந்தேகம்

பிரிஸில்லாவை அவளுடைய ஒன்பதாவது வயதிலிருந்து எனக்குத் தெரியும். இப்போது அவளுக்கு நாற்பத்திரண்டு. இத்தனை வருஷத்தில் இரண்டு முறை அவளைத் தப்பாக நினைத்திருக்கிறேன். இரண்டும் சர்க்கரை விஷயம்.

என் பெயர் பிரிஜெட். நான் நர்ஸ் அல்ல. மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளிகளைப் பராமரிக்கப் பயிற்சி எடுத்து, குழந்தைகள் வார்டில் இருபத்தாறு வருஷம் உதவியாளராக இருந்தேன். பிறகு வீடுகளுக்குப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொண்டேன். இப்போது முழங்கால் விடாததால் வீட்டில் இருக்கிறேன்.

பிரிஸில்லா எங்கள் தெருப் பெண். கண்டோன்மென்ட் பக்கம், கோயிலுக்குப் பின்னால் உள்ள சந்து. அப்பா ரெமிஜியஸ் டெலிபோன் தொழிற்சாலையில் ஃபிட்டர். அண்ணன் எரிக் அவளுக்கு ஐந்து வயது மூத்தவன். ஒன்பது வயதில் திடீரென்று இளைத்து, ஓயாமல் தண்ணீர் குடித்து, மயங்கிய நிலையில் எங்கள் வார்டுக்கு வந்தாள். அவள் உடம்பில் இன்சுலின் சுரப்பது அடியோடு நின்றுவிட்டது. அது தின்று வருகிற நோய் அல்ல. ஆனால் அவளைப் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் வாசலிலேயே கேட்டார்கள்: "ரொம்ப சாக்லேட் திம்பாளா?"

அப்போதெல்லாம் சிறுநீரில்தான் சோதனை. நீல மருந்தில் எட்டுச் சொட்டு விட்டுக் காய்ச்சுவோம். நீலமாகவே இருந்தால் நல்லது. செங்கல் நிறமானால் சர்க்கரை எக்கச்சக்கம். ஊசி போட்டும் மூன்று நாள் செங்கல் நிறம்தான் வந்தது. ஒளித்து வைத்துத் தின்கிறாள் என்று முடிவு கட்டி, அவள் தலையணை உறையைக் கழற்றி உதறினேன். ஒன்றும் இல்லை. இருந்தும் கையில் ஓர் அடி வைத்தேன். மறுநாள்தான் தெரிந்தது, இன்சுலின் குப்பியை யாரோ ஜன்னலில் வெயில் படும் இடத்தில் வைத்திருந்தார்கள். மருந்து கெட்டுப்போயிருந்தது. குப்பியை மாற்றினோம். நிறமும் மாறியது. அடித்தது தப்பு என்று நான் அவளிடம் சொல்லவில்லை. வார்டில் நாற்பது படுக்கை, வேலை இருந்தது.

ஆஸ்பத்திரியில் இருந்து வந்த முதல் டிசம்பரில் இன்னொன்று நடந்தது. கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் முன்னால், ஒரு சனிக்கிழமை, எங்கள் சந்துப் பெண்கள் எல்லோரும் ரெமிஜியஸ் வீட்டில் கூடி குல்குல் செய்வோம். மைதா மாவை முள்கரண்டியின் முதுகில் உருட்டிச் சோழி மாதிரி சுருட்டி, எண்ணெயில் பொரித்து, கெட்டிப் பாகில் புரட்டுவது. பாகு காய்ந்து வெள்ளையாகப் பூக்கும்வரை கையால் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மற்றப் பிள்ளைகள் ஒன்றைப் புரட்டினால் இரண்டை வாயில் போடுவார்கள். ரெமிஜியஸ் சொன்னார்:

"பாகு வேலை பிரிஸிக்கு. இந்த வீட்ல திங்காம வேல செய்யறவ அவ ஒருத்திதான்."

எல்லோரும் சிரித்தோம். அந்தக் குழந்தைக்கு முகம் பூரித்துப்போயிற்று. அன்றிலிருந்து வருஷாவருஷம் பாகுத் தட்டு அவளுடையது. ஒன்றைக்கூட வாயில் வைத்ததில்லை. இருந்தாலும் பெரியவர்கள் ஓரக்கண்ணால் தட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். நானும் பார்த்தேன்.

வார்டுக்கு விரலில் குத்திப் பார்க்கும் மீட்டர் வந்தபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. நான்தான் சொல்லிக்கொடுத்தேன். வார்டில் ஒரே குழாய், அதில் எப்போதும் வரிசை. "ஸ்பிரிட் பஞ்சால துடை, போதும். ஒவ்வொரு தரமும் கை கழுவ ஓடாத" என்றேன். அப்படியே பழகிக்கொண்டாள்.

படித்தாள், நர்சரி வகுப்பு டீச்சர் ஆனாள். இரண்டு வரன் வந்தது, விஷயம் தெரிந்ததும் இரண்டும் நின்றது. இருபத்தெட்டு வயதில் ஒரு நாள் குளியலறையில் சர்க்கரை தாழ்ந்து விழுந்தாள். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்ததால் கதவை உடைக்க வேண்டியதாயிற்று. ரெமிஜியஸ் மறுநாளே ஆள் கூட்டிவந்து குளியலறைத் தாழ்ப்பாளையும் அவளுடைய அறைத் தாழ்ப்பாளையும் கழற்றினார். அவரும் மனைவியும் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. வீடு எரிக்குக்கு வந்தது. தாழ்ப்பாள் மட்டும் திரும்ப வரவில்லை. துணி மாற்றும்போது கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுப்பாள்.

எரிக் கெட்டவன் இல்லை. பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் மேனேஜர். இயந்திரங்களை நம்புகிறவன். இரண்டு வருஷம் முன்னால் தங்கைக்கு இன்சுலின் பம்ப் வாங்கிக் கொடுத்தான். இடுப்பில் ஒரு சோப்பு டப்பா அளவு இயந்திரம். அதிலிருந்து மெல்லிய குழாய் வயிற்றுத் தோலுக்குள் போகிறது. கையில் ஒட்டிய சென்சார் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை சர்க்கரை அளவை அனுப்ப, பம்ப் அதற்குத் தக்கபடி இன்சுலினைக் கூட்டும், குறைக்கும். நாளுக்கு இரண்டு மூன்று முறை விரலில் குத்தி, மீட்டர் காட்டும் எண்ணை அதற்குச் சொல்ல வேண்டும். கோயில் மணியைக் கேட்டுச் சுவர்க்கடிகாரத்தைத் திருத்தி வைப்போமே, அதுபோலத்தான். மணி தப்பாக அடித்தால் கடிகாரமும் தப்பாகத்தான் ஓடும்.

நல்ல பொருள். அவளுக்கு நாளுக்கு நாலு ஊசி மிச்சம். ஆனால் அந்த எண் அவளுக்கு மட்டும் தெரிகிற மாதிரி வைக்கவில்லை. எரிக் போனிலும் அவன் மனைவி லவீனா போனிலும் தெரிந்தது. அவள் வகுப்பில் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பாள், பீன்யாவில் இருந்து போன் வரும்.

"என்ன மா, நூத்தித் தொண்ணூறு காட்டுது? என்ன சாப்ட?"

"இட்லி, அண்ணா."

"எத்தன?"

"மூணு."

"அண்ணி ரெண்டுன்னு சொன்னா."

நாற்பது வயதுப் பெண்ணின் பேச்சு இது.

போன வருஷம் செப்டம்பரில் அவளுக்கு ஒரு வழி திறந்தது. அவள் பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரீகள் பொம்மசந்திராவில், தொழிற்சாலைப் பெண்களின் பிள்ளைகளுக்கு ஒரு விடுதி கட்டியிருந்தார்கள். ஜனவரியில் திறப்பு. வார்டனாக வருகிறாயா என்று பிரிஸில்லாவைக் கேட்டார்கள். தனி அறை உண்டு. அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் போய்ப் பார்த்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தாள்.

"ஆன்ட்டி, ரூம் சின்னதுதான். ஒரு கட்டில், ஒரு அலமாரி. கதவுல ரெண்டு தாப்பா இருக்கு. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு."

இப்படி ஒருத்தி தாழ்ப்பாளை எண்ணிச் சொல்லி நான் கேட்டதில்லை.

விடுதிப் பொறுப்பில் இருந்த மதர் இரண்டு கடிதம் கேட்டார். ஒன்று டாக்டரிடமிருந்து, இன்னொன்று வீட்டாரிடமிருந்து, எங்களுக்குச் சம்மதம் என்று. டாக்டர் அன்றே எழுதிக் கொடுத்தார். எரிக் ஒரு நிபந்தனை வைத்தான். கிறிஸ்துமஸ் வரை மூன்று மாதம், மொத்த நேரத்தில் எழுபது சதவீதம் சர்க்கரை எண் எல்லைக்குள் இருக்க வேண்டும். அதை பம்பே போட்டுக் காட்டும். இருந்தால் கடிதம்.

அவள் அந்த மூன்று மாதமும் சோற்றை எடை போட்டுத் தின்றாள். பிறந்தநாள் வீடுகளுக்குப் போகவில்லை. டிசம்பர் முதல் வாரம் எழுபத்தெட்டு சதவீதம். "எழுபத்தெட்டு, ஆன்ட்டி" என்று கோயில் வாசலில் என் காதில் சொன்னாள்.

அடுத்த சனிக்கிழமை குல்குல்.

சாப்பாட்டு மேஜையில் நாங்கள் ஐந்து பெண்கள் உருட்டினோம். லவீனா அடுப்படியில் பொரித்தாள். பிரிஸில்லா மேஜைக் கோடியில் பாகுத் தட்டோடு இருந்தாள். முழங்கை வரை வெள்ளைப் பூச்சு. எரிக் பீன்யாவில், அன்று அவனுக்கு வேலை நாள்.

மூன்றரை மணிக்கு பம்ப் கத்தியது. விரல் குத்தி எண் கேட்கிறது. அவள் கையைத் துணியில் துடைத்து, ஸ்பிரிட் பஞ்சால் விரல் நுனியை நன்றாகத் தேய்த்துக் குத்தினாள். நான் மூன்றடி தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சரியாகத்தான் செய்கிறாள் என்று நினைத்தேன். நான் சொல்லிக்கொடுத்தபடியே செய்தாள்.

மீட்டர் முந்நூற்று நாற்பத்தெட்டு காட்டியது. சென்சாரில் அதற்கு முந்தின நிமிஷம் நூற்று முப்பத்திரண்டு.

பம்ப் அந்த எண்ணை ஏற்கவில்லை. கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்தச் சொன்னது. அவள் மறுபடி துடைத்தாள், அதே ஸ்பிரிட், பக்கத்து விரல். முந்நூற்று முப்பத்தொன்று. இந்த முறை ஏற்றுக்கொண்டது. முதலில் இயந்திரத்துக்கே சந்தேகம் வந்தது. எங்கள் யாருக்கும் வரவில்லை.

லவீனா கரண்டியோடு வந்தாள்.

"பிரிஸி, எத்தன போட்ட வாயில?"

"ஒண்ணு கூட இல்ல, அண்ணி."

"அப்ப முந்நூறு ஆகாசத்துல இருந்து வந்துச்சா?"

"எனக்குத் தெரியல. கால் மணி முன்னாடி நூத்தி முப்பது. மீட்டர்ல ஏதோ தப்பு."

"ரெண்டு தரமும் மீட்டர்தான் தப்பு. நீ மட்டும் ரைட்டு."

மேஜையில் யாரோ சிரித்தார்கள். நான் என்ன சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். "விடு லவீனா, பண்டிகைக் காலம். ஒண்ணு ரெண்டு போட்டிருப்பா" என்றேன். பெருந்தன்மையாகச் சொன்னதாக எனக்கு நினைப்பு. பிரிஸில்லா திரும்பி என்னைப் பார்த்தாள். ஒன்பது வயதில் தலையணை உறையை உதறியபோது பார்த்த அதே பார்வை.

எரிக் போன் வந்தது. லவீனா ஸ்பீக்கரில் போட்டாள்.

"பம்ப் என்ன சொல்லுது?"

"நாலு புள்ளி ரெண்டு யூனிட் போடவான்னு கேக்குது."

"போடச் சொல்லு."

"அண்ணா, நான் சாப்பிடல. போட்டா கீழ போயிடும்."

"பிரிஸி, மெஷின் பொய் சொல்லாது. மனுஷன்தான் சொல்லுவான். இப்பப் போடலன்னா ராத்திரி வரைக்கும் மேலயே நிக்கும். உன் பர்சென்டேஜ் போச்சுன்னா அப்பறம் என்னக் கேக்காத."

அவள் பம்பைக் கையில் எடுத்து அந்த எண்ணை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு அழுத்தினாள். அண்ணனுக்குப் பயந்து அல்ல. அந்த எழுபத்தெட்டுக்காக. கதவில் இருந்த இரண்டு தாழ்ப்பாளுக்காக.

நாலே முக்கால் இருக்கும். தட்டைப் புரட்டுவதை நிறுத்தினாள்.

"அண்ணி, எனக்கு சுகர் லோவா இருக்கு. கை நடுங்குது."

லவீனா போனைப் பார்த்தாள். "நூத்தி நாப்பத்தெட்டு. சூப்பர் நம்பர். என்ன லோ?"

"இல்ல, எனக்குத் தெரியும். ஜூஸ் குடுங்க."

"ஏய், இப்பத்தான் இறங்கியிருக்கு. இரு, உங்க அண்ணனக் கேக்கறேன்."

ஸ்பீக்கரில் எரிக் சொன்னது எல்லோருக்கும் கேட்டது: "நூத்தி நாப்பத்தெட்டுல யாருக்கு லோ ஆகும்? வேகமா இறங்குனா அப்படித் தோணும். இனிப்புக் குடுத்துக் கெடுக்காதீங்க. வேணாம்."

அவளுக்கு முன்னால் இரண்டு கிலோ குல்குல் இருந்தது. பத்து விரலிலும் சர்க்கரை. ஒரு விரலை வாயில் வைத்தால் போதும். வைக்கவில்லை. ஐந்து பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஒரு குல்குலை உருட்டி முடித்து நான் தற்செயலாக நிமிர்ந்தேன். அவள் மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாக நின்றது. டிசம்பர் மாதம், மின்விசிறிகூடப் போடவில்லை. எழுந்து கழுத்தைத் தொட்டேன். ஈரம், சில்லென்று இருந்தது. போன் என்ன காட்டினால் என்ன, இந்த மாதிரித் தோலை நான் வார்டில் இருபத்தாறு வருஷம் தொட்டிருக்கிறேன். நான் தாங்கிப் பிடிப்பதற்குள் பக்கவாட்டில் சரிந்தாள். மேஜை விளிம்பு புருவத்தில் பட்டுக் கிழித்தது.

பம்பை நிறுத்தினேன். ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். தண்ணீர் ஊற்ற வந்தவளின் கையைத் தட்டிவிட்டேன். மயங்கினவர் வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும். பாத்திரத்தில் மிச்சமிருந்த பாகை விரலில் எடுத்து அவள் கன்னத்தின் உட்பக்கம் தடவிக்கொண்டே இருந்தேன். அவள் கை ஒன்றைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்கும்படி பக்கத்தில் நின்றவளிடம் சொல்லி, அந்த விரலில் குத்திப் பார்த்தேன்.

நாற்பத்தொன்று.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. விரலில் ஒட்டிய பாகு ஸ்பிரிட்டில் போகாது. தண்ணீர் வேண்டும். மீட்டர் அவள் ரத்தத்தை மட்டும் அளக்கவில்லை. குல்குல் பாகையும் சேர்த்து அளந்திருக்கிறது. அந்தப் பொய் எண்ணை வைத்து சென்சாரைத் திருத்தினோம். அது அதற்குப் பிறகு எல்லாவற்றையும் இரண்டு மடங்குக்கும் மேலே கூட்டிச் சொன்னது. வராத சர்க்கரைக்கு இன்சுலினும் போட்டோம்.

இருபது நிமிஷத்தில் கண் திறந்தாள். ஆம்புலன்ஸ் வந்தது, ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள், புருவத்தில் மூன்று தையல், ஏழு மணிக்கெல்லாம் வீட்டுக்கு அனுப்பினார்கள். எரிக்கும் வந்து சேர்ந்திருந்தான்.

நான் அவனை மேஜையில் உட்கார வைத்தேன். "கையக் குடு" என்றேன். அவன் விரலைப் பாகில் தோய்த்தேன், காய விட்டேன், துணியால் துடைத்தேன், ஸ்பிரிட் போட்டுத் தேய்த்தேன், குத்தினேன். இருநூற்று எழுபத்தாறு. அவனுக்குச் சர்க்கரை நோயே கிடையாது. பிறகு கை கழுவச் சொல்லிக் குத்தினேன். நூற்று நாலு.

அவன் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி ஆன்ட்டி. அவ சாப்பிடல. ஒத்துக்கறேன்."

"அவகிட்டச் சொல்லு."

"சாரி, பிரிஸி."

பிரிஸில்லா கட்டோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "லெட்டர் எழுதித் தருவியா அண்ணா?" என்றாள்.

"லெட்டரா? இத்தன நடந்த பிறகு நானே உன்ன அங்க அனுப்பிட்டு உக்காந்திருப்பேனா? இன்னிக்கு ஆன்ட்டி இருந்தாங்க. அங்க யாரு இருப்பா? தனியா இருந்திருந்தா நீ செத்திருப்ப."

"தனியா இருந்திருந்தா" என்றாள் அவள், "எனக்கு லோ ஆகுதுன்னு தெரிஞ்ச உடனே சர்க்கரைய அள்ளிப் போட்டிருப்பேன். யாரையும் கேட்டிருக்க மாட்டேன். அந்த இன்சுலினே போட்டிருக்க மாட்டேன்."

லவீனா, "டயர்டா இருக்க, போய்ப் படு" என்றாள். பதில் இல்லாததால்தான் படுக்க அனுப்பினார்கள். தின்னவில்லை என்று நான் நிரூபித்தேன். தனியாக விடக்கூடாது என்று அவர்கள் அதிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை நான் பஸ் ஏறிப் பொம்மசந்திராவுக்குப் போனேன். மதரிடம் நடந்ததைச் சொன்னேன். ஸ்பிரிட் பழக்கம் நான் கொடுத்தது, தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றது புரியுது மா. ஆனா சொந்த அண்ணனே வேணாம்னு போன் பண்ணிட்டாரு. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நாங்க என்ன சொல்றது?" என்றார். வார்டனாக இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். அவளுக்குத் தாழ்ப்பாள் ஒரு விஷயமாகவே இருந்திருக்காது.

திரும்பி வந்து பிரிஸில்லாவிடம் இரண்டையும் சொன்னேன். விரல் விஷயம், தலையணை உறை விஷயம். முப்பத்திரண்டு வருஷம் தாமதம். "தெரியும் ஆன்ட்டி. அப்பவே நைட் சிஸ்டர் என்கிட்டச் சொன்னாங்க, மருந்துதான் கெட்டுப்போச்சுன்னு" என்றாள். அவ்வளவுதான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இந்த டிசம்பரிலும் குல்குல் சனிக்கிழமை வந்தது. பாகுத் தட்டை லவீனா தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "உனக்கு வேணாம் பிரிஸி, ரிஸ்க்கு" என்றாள். பிரிஸில்லா எங்களோடு உருட்ட உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் உருட்டினாள். பிறகு எழுந்து போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். ஒரு சிறிய தட்டில் பன்னிரண்டு குல்குல் எண்ணி எடுத்து, சமையலறைத் தராசில் நிறுத்தாள். பம்பில் மாவு எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று கணக்குப் போட்டு அழுத்தினாள். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் காத்திருந்தாள். அதன் பிறகு எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் தின்னத் தொடங்கினாள்.

லவீனாவின் கை பாகிலேயே நின்றுவிட்டது. தன் போனைப் பார்த்தாள். பீன்யாவில் இருந்து இதோ போன் வரும் என்று நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். நூற்று முப்பது, நூற்று ஐம்பத்தைந்து, நூற்று அறுபத்திரண்டு, அதன் பிறகு இறங்கியது. போன் வரவில்லை.

எட்டாவதில் நிறுத்தி, மீதி நாலுக்குப் போட்ட இன்சுலினுக்கு ஈடாக அரை டம்ளர் ஜூஸ் குடித்தாள். தட்டை என் பக்கம் தள்ளினாள்.

"இத்தன வருஷம் இதுக்கா ஆன்ட்டி எல்லாரும் என் கையப் பாத்தீங்க?" என்றாள். "வெறும் மைதா. திகட்டுது."

அவள் எழுந்து தன் அறைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து, தரையில் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது.